ஞாயிறு மாலையே தொடங்கிவிடும் படபடப்பு: ஆசிரியர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி: தொடக்கப்பள்ளி ஆசிரியை, தண்டையார்பேட்டை
வணக்கம். மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளால் எனக்குச் சோர்வு இல்லை. வருகைப் பதிவு முதல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கல்வித் திட்டத்தின் மதிப்பீடு வரை அனைத்தையும் கைப்பேசியில் ஏற்ற வேண்டியிருப்பதும், இரவு பத்து மணிக்கும் வாட்ஸ்அப் குழுவில் ‘உடனே அனுப்பவும்’ என்று செய்தி வருவதுமே வாட்டுகின்றன. ஞாயிறு மாலையே நெஞ்சு படபடக்கிறது, தூக்கமும் சரியில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெரம்பூர்
அம்மா, இதை உங்கள் பலவீனமாக எண்ண வேண்டாம். தீராத பணி அழுத்தத்தால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோயாக அல்லாமல், பணி சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியது. எனவே மாற வேண்டியது பணிமுறையும்தான். தொடக்கப்பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். உங்கள் பள்ளியில் அந்த அளவு மீறியிருந்தால் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

பதில்: பட்டதாரி ஆசிரியர், வியாசர்பாடி
எங்கள் பள்ளியில் பதிவேற்ற வேலையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டோம். இரவு ஏழு மணிக்கு மேல் வரும் குழுச் செய்திகளுக்கு, மழை விடுமுறை போன்ற அவசரம் தவிர, மறுநாள் காலையில்தான் பதில் என்று தலைமையாசிரியரிடம் பேசி முடிவு செய்தோம். மூச்சுப்பயிற்சியும் நல்லதே, ஆனால் எனக்குத் தூக்கத்தைத் திருப்பித் தந்தது இந்த ஏற்பாடுதான்.

பதில்: ஆசிரியை, ராயபுரம்
படபடப்பு நீடித்தால் தள்ளிப்போடாதீர்கள், சகோதரி. தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றாலும் அது வரலாம் என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனம்விட்டுப் பேச 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) தொலைபேசி எண் இரவு பகலாக இயங்குகிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு நம் பகுதியிலேயே இருக்கிறது.