மண்டபம் களப்பயணம்: மணலில் செல்லும் சக்கர நாற்காலி தேவை

வணக்கம். நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். வரும் ஜனவரியில் மூன்றாமாண்டு மாணவர்கள் 28 பேரை ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்துக்கும் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்கும் இரண்டு நாள் களப்பயணமாக அழைத்துச் செல்கிறோம். அவர்களுள் சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவியால் மட்டும் மணலைத் தாண்டி நீர் விளிம்பை அடைய முடிவதில்லை.

சென்ற ஆண்டு அவரது மடக்கு நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் பத்தடிக்குள் மணலில் புதைந்துவிட்டன. வாளியில் கொண்டுவந்து காட்டிய கடற்பாசியை அவர் கையில் எடுத்துப் பார்த்து, அதன் ஊர்ப்பெயரைச் சொன்னார்; பாசி எடுக்கும் தாயின் மகள் அவர். அந்தக் கரையில் அவரைப் பேருந்திலேயே அமர்த்தி வைத்தது எங்கள் தவறு.

ஒட்டுப்பலகைகளை வரிசையாக விரித்துப் பார்த்தோம். ஈரமணலில் அவை சறுக்கின. தூக்கிச் செல்ல மாணவர்கள் முன்வந்தபோது அவர் மறுத்தார், அம்மறுப்பை மதிக்கிறோம். விடுதிகள் சிலவற்றில் விசாரித்தும் பயனில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கல்வி நிறுவனங்களிடம் தக்க வசதிகளைக் கோருகிறது என்று எழுதிக் கொடுத்து, நிர்வாகத்திடம் வாடகைத் தொகைக்கு ஒப்புதல் பெற்றுவிட்டேன். (கழிப்பறை உள்ள நிறுத்தங்களையும் முன்கூட்டியே குறித்துவிட்டோம்.)

மணலில் புதையாத அகலச் சக்கர நாற்காலியை ராமநாதபுரம், தூத்துக்குடி, மதுரைப் பகுதிகளில் இரண்டு நாள்களுக்கு வாடகைக்கோ இரவலாகவோ எங்கே பெறலாம்?