அம்மாளாச்சியோட சண்டை பிடிக்கிற என்ட அம்மா

கடவுளை நம்பி வருத்தம் சுகமான கதையை இங்க எல்லாரும் சொல்லுறியள், வாசிக்க உண்மையிலேயே சந்தோசமா இருக்கு. என்ட அம்மாக்கு சுகம் கிடைக்கேல்லை, ஆனா அவான்ர நம்பிக்கையைப் பற்றியும் எழுதோணும் போல கிடக்கு.

நாங்கள் இலங்கையில வவுனியா மாவட்டம் நெடுங்கேணிப் பக்கம். அம்மாக்கு ரெண்டு கிட்னியும் பழுது. சுகரும் இல்லாம பிறசரும் இல்லாம வாற இந்த வருத்தத்தை 1990களில வடமத்திய மாகாணத்து வயல் சனத்திலதான் முதல் கண்டவை, இப்ப வவுனியா மாவட்டத்திலயும் இருக்கு. கிணத்துத் தண்ணியோ வயலுக்கு அடிக்கிற மருந்தோ வெக்கையோ எண்டு எத்தினையோ சொல்லுகினம், இதுதான் எண்டு அறுதியாச் சொல்ல முடியேல்லை. காரணம் தெரியாததால பாக்க வாற சனம் தாங்களே ஒரு காரணம் கொண்டு வருகுது. முன்வினையாம், நேர்த்தி தீர்க்கேல்லையாம், குலதெய்வத்தை மறந்திட்டமாம். இதெல்லாம் படுத்திருக்கிற மனிசிக்குக் கேக்கத்தக்கதா. எனக்கு நெஞ்சு பத்தும்.

கிழமைக்கு ரெண்டு தரம் விடியக்காலம பஸ்ஸில வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போவம். புளியங்குளம் சந்தி வர அம்மா புதூர்ப் பக்கம் திரும்பி அங்கத்த நாகதம்பிரான் கோயிலைக் கும்பிடுவா. இரத்தத்தைச் சுத்திகரிக்கிற டயலிசிஸ் மெசினில போட்டா நாலு மணித்தியாலம், கையில குத்துற ஊசி ரெண்டும் நல்ல தடிப்பு. அது ஏறேக்க அப்பர் சுவாமின்ர கூற்றாயினவாறு பதிகத்தை மெல்லமாப் பாடுவா. அது அவர் சூலை எண்ட வயித்து நோவில துடிச்சுக்கொண்டு, தமக்கை திலகவதியார் குடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, திருவதிகையில போய் நிண்டு பாடினது. அதை வடிவா வாசிச்சுப் பாருங்கோ, ஏன் இந்த நோவை விலக்கிறியள் இல்லை, என்னால தாங்கேலாது எண்டு சிவனிட்டயே முறையிடுறார். அம்மாக்கு அதுதான் பிடிப்பு. முறைப்பாடு வைக்கிறதெண்டா கேக்கிற ஆளிட்டத்தானே வைப்பம் எண்டுவா. நாங்கள் அம்மாளாச்சி எண்டு கூப்பிடுற முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனோட அவ பிடிக்கிற சண்டையும் அப்பிடித்தான், பாத்தா பக்கத்து வீட்டு அக்காவோட கதைக்கிற மாதிரி இருக்கும்.

பக்கத்துக் கட்டிலுக்கு செட்டிகுளத்து அன்ரி ஒராள் வருவா, மன்னார் மடுக் கோயில் மாதாவில பக்தி, கையில செபமாலை. ஒருநாள் ஆரோ வந்து அம்மாவோட கர்மம் கிர்மம் எண்டு கதைக்க அந்த அன்ரி எழும்பியிருந்து சொன்னா, பிறவிக்குருடனைக் காட்டி இவன் செய்த பாவமோ தாய் தேப்பன் செய்த பாவமோ எண்டு சீடர்கள் கேக்க இயேசு ரெண்டும் இல்லை எண்டுதான் சொன்னவர், நீங்கள் என்ன பெரிசாக் கண்டனியள் எண்டு. வந்த ஆள் கதைக்கேல்லை. அண்டையில இருந்து ரெண்டு பேரும் சகோதரியள் மாதிரி. ஆடித் திருவிழாக்கு மடுவுக்குப் போட்டு வந்தா அம்மாக்கும் மடு மண் கொண்டு வந்து குடுப்பா, அது எங்கட சாமியறையில திருநீற்றுக்குப் பக்கத்தில இருக்கு.

போர் முடிஞ்ச 2009ஐப் பற்றிக் கட்டாயம் சொல்லோணும். முள்ளிவாய்க்காலுக்குள்ளால வந்தனாங்கள். கடவுள்தான் காப்பாத்தினவர் எண்டு எங்களைப் பாத்துச் சொல்லாத ஆள் இல்லை, அம்மா மட்டும் அப்பிடிச் சொல்லவே மாட்டா. அப்ப அங்க செத்த தன்ர தம்பியை அவர் வேண்டாம் எண்டு விட்டவரோ எண்டு கேப்பா. சாவில இருந்து தப்பினது இரக்கமெண்டா செத்ததுகளுக்கு இரக்கம் இல்லை எண்டாகிடும், அம்மாளாச்சி அப்பிடிப் பாக்கிற தாய் இல்லை எண்டுறது அவான்ர முடிவு. அதால கிட்னி சுகமாகேல்லை எண்டாலும் அவான்ர நம்பிக்கை ஆடேல்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கன காலம் எடுத்தது.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போறதை நிப்பாட்டேல்லை. சிலாவத்தைக் கடலில எடுத்த உப்புத் தண்ணியில எரியிற விளக்கைப் பாக்காட்டி அவக்கு அந்த வருசம் வருசமில்லை. இளநியும் வாழைப்பழமும் பொட்டாசியம் கூட எண்டு ஆகாது, தண்ணியும் அளந்துதான், அந்த வெயிலுக்க அது பெரிய கொடுமை. அர்ச்சனைப் பழத்தைக் கண்ணில ஒத்திப்போட்டு பேரனிட்டக் குடுத்திடுவா.

இப்ப பிரச்சினை வேற. என்ட தம்பி தன்ர கிட்னி ஒண்டைத் தாறனெண்டு டெஸ்ட் எல்லாம் செய்து பொருந்தியிட்டுது, அம்மா மாட்டன் எண்டு நிக்கிறா, இளந்தாரிப் பிள்ளையை வெட்ட விடமாட்டாவாம். அம்மாளாச்சி தாறதை வேண்டாம் எண்டுறியளோ எண்டு கேட்டும் பாத்திட்டன், அதை அவவோட நான் கதைக்கிறன் எண்டுறா. இப்பிடி மறுத்த தாயைச் சம்மதிக்க வச்ச ஆக்கள் ஆரும் இருந்தா என்ன சொல்லிச் சம்மதிக்க வச்சனியள் எண்டு எழுதுங்கோ.