சேலத்தில் ஷெட், வேம்பநாட்டில் ஓட்டம்: அவுட்போர்டா, ஸ்டெர்ன்டிரைவா?

ஐந்துரோடு: ரெண்டும் 17 அடி ஃபைபர் படகு, பழசு, 6 பேர் உட்காரலாம், விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒண்ணுல 90 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது பின்னாடி வெளியே மாட்டற இன்ஜின். இன்னொண்ணுல 135 குதிரைத்திறன், 3 லிட்டர் மெர்க்ரூசர் ஸ்டெர்ன்டிரைவ்: இன்ஜின் படகுக்குள்ள, ப்ரொப்பெல்லரைச் சுத்தற டிரைவ் பின்னாடி வெளியே. அழகாபுரத்துல ஷெட்டில் நிக்கும். வருஷத்துக்கு ஏழெட்டு தடவை டிரெய்லர்ல காயலுக்குப் போகும். எதை எடுக்கலாம்?

கொண்டைஊசி: ஸ்டெர்ன்டிரைவ்தாங்க. பின்னாடி ஏறி இறங்கற பலகை முழு அகலத்துக்கும் கிடைக்கும். அவுட்போர்டு நடுவுல உட்கார்ந்து அந்த இடத்தை ரெண்டாப் பிரிச்சிடும். மூடியைத் தூக்கினா ப்ளக், பெல்ட், ஆயில் ஃபில்டர் எல்லாம் கார் இன்ஜின் மாதிரி கைக்கு எட்டும். 6 பேரோட 90 திணறும்.

உவர்நீர்: திணறினா பெரும்பாலும் ப்ரொப்பெல்லர்தான் காரணம். ஃபுல் லோடுல, ஃபுல் த்ராட்டில்ல 5000லிருந்து 6000 ஆர்பிஎம் வரணும். 4700லயே நின்னா பிட்ச் (ப்ரொப்பெல்லர் ஒரு சுத்துல முன்னேறற கணக்கு தூரம்) 2 இன்ச் குறைங்க. ஒரு இன்ச்சுக்குச் சுமார் 200 ஆர்பிஎம் ஏறும்.

எனக்கு ஸ்டெர்ன்டிரைவ் மேல பயம் பெல்லோஸால, அதாவது மடிப்பு மடிப்பா இருக்கற ரப்பர் உறையால. படகோட பின்பலகையில, அதாவது பின்பக்கச் சுவர்ல, பெரிய ஓட்டை போட்டு, தண்ணியை ரப்பர் பெல்லோஸை நம்பி நிறுத்தியிருக்காங்க. ரெண்டு மூணு வருஷத்துல மாத்தியே ஆகணும். கிழிஞ்சா இன்ஜின் சக்தியை டிரைவுக்குக் கொண்டு போற யூ-ஜாயின்ட்டும், அந்த ஷாஃப்ட்டைத் தாங்கற கிம்பல் பேரிங்கும் துருப்பிடிக்கும். கவனிக்காம தண்ணியில கட்டிப்போட்டா படகே நிறைஞ்சுடும். மாத்தறதுக்கு டிரைவை இறக்கி, திரும்ப ஏத்தறப்போ இன்ஜின் நேர்கோட்டுல இருக்கான்னு அலைன்மென்ட் பார்ங்கற கம்பியை விட்டுப் பாக்கணும். சேலத்துல எந்த மெக்கானிக்கிட்ட அந்த பார் இருக்கு?

கொண்டைஊசி: உப்புத்தண்ணியில ஓட்டினா அவுட்போர்டையும்தான் கழுவணும். ரெண்டுக்கும் 10 நிமிஷம் ஹோஸ் வேலை.

உவர்நீர்: கழுவறது ஒண்ணுதான், வடியறது வேற. அவுட்போர்டை நேரா நிறுத்தினா தண்ணி தானா இறங்கிடும். காயல் தண்ணியையே உறிஞ்சிக் குளிரும் 3 லிட்டர்ல இன்ஜின் பிளாக்குலயும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுலயும் (புகையை வெளியேத்தற குழாய்) தங்கும், ட்ரெயின் ப்ளக்கைக் கழட்டணும். வேம்பநாட்டுக் காயல்ல தண்ணீர்முக்கம் தடுப்பணைக்கு வடக்கே கோடையில உப்புத்தண்ணி. மேனிஃபோல்டு உள்ளேயிருந்து அரிச்சு சிலிண்டருக்குள்ள தண்ணி சொட்டும். வெளியே பெயின்ட் புதுசாத்தான் இருக்கும்.

சேர்வராயன்: ரெண்டு பேரும் பெட்ரோலை விட்டுட்டீங்க. இப்போ 20 சதவீத எத்தனால் கலப்பு. ஏழெட்டு தடவைன்னா நடுவுல ஒன்றரை மாசம் நிக்கும், எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணி பிரிஞ்சு டேங்க் அடியில தங்கும். பெட்ரோல்லேருந்து தண்ணியைப் பிரிக்கற 10 மைக்ரான் வாட்டர் செபரேட்டர் ஃபில்டர் எந்தப் படகானாலும் போடுங்க. ஏற்காட்டுல வீடு இருந்தாலும் அங்க நிறுத்தாதீங்க: பனிமூட்டத்துல சீட் பூஞ்சை பிடிக்கும், 20 கொண்டை ஊசி வளைவுல டிரெய்லர் வேற. ஸ்டெர்ன்டிரைவுன்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 4 நிமிஷம் ப்ளோயர் (காத்தை வெளியேத்தற விசிறி) ஓடணும், இன்ஜின் மூடிக்குள்ள பெட்ரோல் ஆவி தேங்கும்.

உவர்நீர்: எடையும் பாருங்க. 90 அவுட்போர்டு 160 கிலோ சுற்றி, 3 லிட்டர் டிரைவோட சேத்து 290 கிட்ட. கோயம்புத்தூர், பாலக்காடு வழியா 350 கிலோமீட்டர் இழுக்கணும். அப்புறம் டிரெய்லரை உடனே தண்ணியில இறக்காதீங்க. ஓடிச் சூடான வீல் ஹப் சட்டுனு குளிர்ந்தா சீல் வழியா தண்ணியை உள்ள உறிஞ்சும், பேரிங் போயிடும். கை வச்சா சுடாத அளவுக்கு ஆறட்டும்.

ஐந்துரோடு: ஸ்டெர்ன்டிரைவ்காரர் விலை இறக்கறார். பாக்கப் போனா எதைப் பாக்கறது?

கொண்டைஊசி: குளிர்விக்கத் தண்ணி ஹோஸ் போட்டு, இன்ஜினை ஐடில்ல ஓட்டி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்புங்க. உறுமல் கேட்டா கிம்பல் பேரிங். கியர் ஆயில் பால் மாதிரி இருந்தா தண்ணி உள்ள போயிருக்கு. பெல்லோஸ் எப்போ மாத்தினார்னு பில் கேளுங்க. இல்லைன்னா அந்தச் செலவை விலையில கழிங்க.

சேர்வராயன்: பின்பலகையை ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டுங்க. டக்குனு கேக்கணும். தொப்புனு கேட்டா உள்ள இருக்கற ப்ளைவுட் ஊறிடுச்சு.

கொண்டைஊசி: அதை அவுட்போர்டு படகுலயும் தட்டுங்க. இன்ஜின் மாட்டியிருக்கற போல்ட் ஓட்டைகளைச் சுத்தித்தான் முதல்ல ஊறும்.