கம்பெனி மொபைல் பில் ஏறிக்கிட்டே போகுது, எங்க இருந்து பிடிக்க ஆரம்பிக்கிறது?

நெல்லிக்கனி கேட்டது:

வணக்கம் மக்களே. ஒரு நடுத்தர கம்பெனில அட்மின், அக்கவுண்ட்ஸ் ரெண்டும் என் தலைல தான். நூத்திச் சொச்சம் கனெக்‌ஷன் கம்பெனி பேர்ல இருக்கு, சேல்ஸ், சர்வீஸ், டிரைவருங்க, மேனேஜருங்கன்னு எல்லாருக்கும் கொடுத்தது. ஆள் எண்ணிக்கை பெருசா கூடல, ஆனா மொபைல் பில் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. ரெண்டு மாசம் அடங்கி இருக்கும், அடுத்த மாசம் திடீர்னு எகிறும். முதலாளி கூப்பிட்டு "எல்லாருக்கும் ஒரு லிமிட் போடு, தாண்டினா சம்பளத்துல பிடி"ன்னுட்டாரு. எனக்கு அது சரியாப் படல. சர்வீஸ் பசங்க மேப் பாக்காம, போட்டோ எடுத்து அனுப்பாம வேலையே பண்ண முடியாது, அவங்க சம்பளத்துல கை வைக்கிறது நியாயமே இல்ல. வேற வழி இருக்குன்னு காட்டினா தான் அவரை நிறுத்த முடியும். இதை உண்மையிலேயே செஞ்சு பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன், எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

மாலைவெயில் சொன்னது:

லிமிட் போடுறதெல்லாம் கடைசில பாத்துக்கலாம், முதல்ல பில்லைப் படிங்க. நீங்க பாக்குறது மேல இருக்குற மொத்தத் தொகை மட்டும்னு நினைக்கிறேன், அதுல ஒண்ணும் தெரியாது. ஆபரேட்டரோட கார்ப்பரேட் போர்ட்டல்ல நம்பர் வாரியா பிரிச்ச பில் எக்செல்லாவோ சிஎஸ்வியாவோ கிடைக்கும், இல்லன்னா உங்க அக்கவுண்ட் மேனேஜர்கிட்ட கேளுங்க. மூணு மாசத்துக்கு வாங்குங்க, ஒரு மாசம் பத்தாது, லீவுல போனவங்க நம்பர் எல்லாம் செத்த நம்பர் மாதிரி தெரியும்.

அதுல ஒவ்வொரு நம்பருக்கும் மாத வாடகை ஒரு நெடுவரிசை, வாடகைக்கு மேல வந்தது ஒரு நெடுவரிசைன்னு பிரிச்சு வச்சுக்குங்க. இந்த ஒரு வேலையை செஞ்சாலே பாதி விஷயம் வெளிய வந்துரும். வாடகைக்கு மேல வர்றது பெரும்பாலும் ஒரு சில நம்பர்ல தான் குவிஞ்சு கிடக்கும், மீதி ஜனம் பிளானுக்குள்ள ஒழுங்கா தான் இருப்பாங்க, அவங்க எல்லாரையும் சேர்த்து லிமிட் போட்டு மிரட்டி என்ன ஆகப்போகுது சொல்லுங்க.

அடுத்து கால், எஸ்எம்எஸ், டேட்டா மூணுமே பூஜ்யமா இருக்குற நம்பரைத் தனியா எடுங்க. எச்ஆர் லிஸ்ட்டோட ஒத்துப் பாருங்க. வேலையை விட்டுப் போனவரோட சிம், ரிப்பேருக்குப் போன போன்ல மாட்டுனது, ஏதோ ஒரு பிராஜெக்ட்டுக்கு வாங்கி டிராயர்ல தூங்குறதுன்னு வரிசையா வரும். ஒவ்வொண்ணுக்கும் வாடகை போய்க்கிட்டே தான் இருக்கும்.

ஆனா ஒண்ணு, பூஜ்யம்னு பாத்த உடனே வெட்டிராதீங்க. லிஃப்ட்டுக்குள்ள இருக்குற எமர்ஜென்சி போன், திருட்டு அலாரம், ஜெனரேட்டர் மானிட்டர் இதுக்குள்ள எல்லாம் சிம் இருக்கும், மாசக்கணக்கா சத்தமே வராது, ஆனா தேவைப்படுற நேரத்துல இல்லன்னா ஆள் மாட்டிக்குவாங்க. அதே மாதிரி பழைய மேனேஜர் நம்பருக்கு தான் பேங்க் ஓடிபியோ டொமைன் ரினிவல் ஓடிபியோ வரும். ரத்து பண்ணின நம்பரை ஆபரேட்டர் கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுத்துருவாங்க, அப்புறம் உங்க ஓடிபி யாரோ ஒருத்தர் கைக்குப் போகும். அதனால இந்த மாதிரி சிம் எதுன்னு விசாரிச்சு முதல்ல ஒதுக்கிருங்க, மீதியைத் தற்காலிகமா நிறுத்தி வைங்க, யாராவது அலறுறாங்களான்னு ஒரு பில்லிங் சைக்கிள் பாத்துட்டு அப்புறம் ரத்து பண்ணுங்க.

கடலோரக்காற்று சொன்னது:

மாலைவெயில் சொன்னது மாசா மாசம் கசியுற காசுக்கு. நீங்க சொல்ற திடீர் எகிறல் இருக்கே, அதுக்குப் பின்னாடி அனேகமா ரோமிங் தான். எகிறின மாசத்துல யார் வெளிநாடு போனாங்கன்னு டிராவல் பில்லை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ரோமிங்னா ஆளுங்க அங்க போய் படம் பாக்குறாங்கன்னு நினைக்க வேணாம், பல நேரம் அவங்க போனைத் தொட்டிருக்கவே மாட்டாங்க. விமானம் இறங்கினதும் ஏர்பிளேன் மோடை எடுப்பாங்க, டேட்டா ரோமிங் ஆன்ல இருந்தா போட்டோ பேக்கப், மெயில் அட்டாச்மென்ட், ஆப் அப்டேட் எல்லாம் ஒண்ணா ஓட ஆரம்பிச்சிரும். கப்பல்லயும் விமானத்துலயும் இருக்குற நெட்வொர்க் சாட்டிலைட் வழியா போறது, அது சாதாரண ரோமிங் பேக்கேஜ்ல அடங்குறது அபூர்வம். எல்லை ஓரமா வேலை பாக்குறவங்க நாட்டை விட்டே போகாம பக்கத்து நாட்டு டவரைப் பிடிச்சுக்குவாங்க, அவங்களுக்கு நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்ல விடாம மேனுவலா தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க.

ஐரோப்பா போறவங்க இருந்தா இதையும் கவனிங்க. ஐரோப்பிய யூனியனுக்குள்ள ஒரு நாட்டு சிம்மை இன்னொரு நாட்டுல உள்ளூர் ரேட்டுக்கே யூஸ் பண்ணலாம்ங்கிற விதி 2017 ஜூன் 15ல இருந்து இருக்கு, ஆனா சுவிட்சர்லாந்து அதுல இல்ல. ஐரோப்பிய யூனியன் நாட்டுல உங்க ஆபீஸ் இருந்து அங்கத்த சிம் கொடுத்திருந்தா, ஜெர்மனில இருந்து இத்தாலிக்கு ரயில்ல போறவர் நடுவுல சுவிட்சர்லாந்தைத் தாண்டும்போது தனி ரேட் விழ வாய்ப்பு இருக்கு, அவர் தூங்கிக்கிட்டே கூட இருக்கலாம்.

யாரும் கண்டுக்காத இன்னொண்ணு வாய்ஸ்மெயில், அதாவது போனை எடுக்கலன்னா கூப்பிட்டவர் பேசிப் பதிவு பண்ணி வைக்கிற வசதி. உங்க ஆள் வெளிநாட்டுல இருக்காரு, யாரோ கூப்பிடுறாங்க, இவர் எடுக்கல. அந்தக் கால் முதல்ல அந்த நாட்டுக்குப் போய் மணி அடிக்குது, எடுக்கலன்னதும் வாய்ஸ்மெயிலுக்காக மறுபடி சொந்த நாட்டுக்கே திரும்பி வருது. போன தூரத்துக்கும் காசு, திரும்பி வந்த தூரத்துக்கும் காசுன்னு போடுற ஆபரேட்டருங்க இருக்காங்க. கிளம்புறதுக்கு முந்தி ##002# அடிச்சு டயல் பண்ணச் சொல்லுங்க, பெரும்பாலான நெட்வொர்க்ல எல்லா கால் ஃபார்வர்டிங்கும், வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பி விடுறது உட்பட, ரத்தாயிரும், திரும்பி வந்து வேணும்னா போட்டுக்கலாம்.

செலவு அலர்ட் வச்சிருக்கோம்னு நம்பிராதீங்க. வெளிநாட்டு நெட்வொர்க்ல இருந்து கணக்கு நம்ம ஆபரேட்டருக்கு வந்து சேரவே நேரம் ஆகும், அலர்ட் வர்றதுக்குள்ள காசு போயிருக்கும். அலர்ட்டை விட மேல்வரம்பு தான் நல்லது, தொகை தொட்டதும் டேட்டா தானா நின்னுரணும். அதை விட நல்லது எல்லா சிம்லயும் ரோமிங்கை அடைச்சு வச்சிட்டு, டிராவல் ரிக்வெஸ்ட் அப்ரூவ் ஆகும்போது மட்டும் பேக்கேஜோட திறந்து விடுறது. போன்ல இசிம் (கார்டு மாட்டாம போனுக்குள்ளயே ஏத்திக்கிற சிம்) வசதி இருந்தா போற நாட்டு டேட்டா பிளானை அதுல போட்டுட்டு கம்பெனி நம்பரைப் பேசுறதுக்கு மட்டும் வச்சுக்கலாம். ஐபோன்னா "செல்லுலர் டேட்டா ஸ்விட்சிங்"ன்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா ஒரு சிம்ல சிக்னல் குறைஞ்சதும் டேட்டா கம்பெனி சிம்முக்குத் தாவிரும்.

நெல்லிக்கனி சொன்னது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. எகிறின மாசத்தைப் பாத்தேன், ரெண்டு நம்பர்ல தான் மொத்தமும், ரெண்டுமே வெளிநாட்டு எக்ஸிபிஷனுக்குப் போனவங்க. இதைக் காட்டினதுக்கு அப்புறமும் முதலாளி "யார் யார்கிட்ட பேசுறாங்கன்னு லிஸ்ட் எடு, சொந்தக் காலைக் கண்டுபிடி"ங்கிறாரு. அதுக்கு என்ன சொல்றது?

பனித்துளி சொன்னது:

அதை மட்டும் செய்யாதீங்க நண்பரே. உங்க பிளான்ல கால் அன்லிமிடெட்டா இருந்தா, ஒருத்தர் வீட்டுக்குப் பத்து நிமிஷம் பேசினதால கம்பெனிக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்ல. இல்லாத செலவைப் பிடிக்க ஒரு ஆள் உக்காந்து லிஸ்ட் படிச்சா அவரோட சம்பளம் தான் செலவு. யாருக்கு உடம்பு சரியில்ல, யார் வேற வேலை தேடுறாங்க, யார் வக்கீலைப் பாக்குறாங்கன்னு எல்லாம் அந்த லிஸ்ட்ல தெரியும், அது அக்கவுண்ட்ஸ் டேபிளுக்கு வர வேண்டிய விஷயமே இல்ல. பல நாட்டுல தனிமனிதத் தகவல் சட்டம் இதுக்குள்ள வரும், முன்கூட்டி எழுத்துல சொல்லாம பாத்தா கம்பெனிக்குத் தான் தலைவலி. முதலாளிக்கு நம்பர் வாரியா கூடுதல் தொகை மட்டும் காட்டுங்க, யாருக்குப் பேசினாங்கங்கிற எண்களை மறைச்சிருங்க.

பிரீமியம் எஸ்எம்எஸ் (கூடுதல் காசு பிடிக்குற எஸ்எம்எஸ் சேவை), ஆப் வாங்கினா போன் பில்லுல ஏறுற வசதி, சர்வதேச கால், இது மூணையும் தேவை இல்லாத நம்பர்ல ஆபரேட்டர்கிட்ட சொல்லி மூடுங்க. தெரியாத வெளிநாட்டு நம்பர்ல இருந்து ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணி, திருப்பிக் கூப்பிட்டா காசு பிடுங்குற மோசடியும் இதுல நின்னுரும்.

டேட்டாவுக்கு ஆளாளுக்கு லிமிட் வேண்டாம், பூல் பிளான், அதாவது எல்லா நம்பரும் பங்கு போட்டுக்குற பொது டேட்டா, கேளுங்க. அலுவலகத்துல வைஃபைல உக்காந்திருக்குறவர் ஒரு ஜிபி கூடத் தொடமாட்டார், ரோட்டுல சுத்துற சர்வீஸ் பையனுக்கு இருபது பத்தாது, பூல்ல அவர் மிச்சம் இவருக்குப் போகும். ஐபோன்ல வைஃபை அசிஸ்ட்னு ஒண்ணு ஆன்லயே வரும், வைஃபை வீக்கானா மொபைல் டேட்டாவை எடுத்துக்கும், ஆபீஸ் ஓரத்துல உக்காந்திருக்குறவங்க டேட்டா காரணமே தெரியாம போறது அதனால கூட இருக்கலாம், அதையும் பாருங்க. சொந்த போன்லயே கம்பெனி வேலை பாக்க விரும்புறவங்களுக்கு மாசம் ஒரு நிலையான அலவன்ஸ் கொடுத்துரலாம், ஆண்ட்ராய்ட்ல வொர்க் ப்ரொஃபைல் போட்டா ஆபீஸ் மெயில் தனியா இருக்கும், அவங்க போட்டோ, சாட் எதையும் கம்பெனி பாக்க முடியாது. ஆனா கஸ்டமர்கிட்ட கொடுக்குற நம்பர் மட்டும் கம்பெனி பேர்ல இருக்கட்டும், இல்லன்னா ஆள் போனா வாடிக்கையாளரும் கூடவே போயிருவாங்க.

மாலைவெயில் சொன்னது:

பூல் கேக்கப் போறதுக்கு முந்தி ஒவ்வொரு நம்பரோட கான்ட்ராக்ட் முடியுற தேதியை அந்த எக்செல்லயே ஒரு நெடுவரிசையா சேர்த்துக்குங்க. நடுவுல புதுசா போன் வாங்கின நம்பருக்கெல்லாம் தேதி தனியா தள்ளிப் போயிருக்கும், அப்ப மொத்தமா ஆபரேட்டர் மாறவும் முடியாது, பேரமும் படியாது, முன்கூட்டி முறிச்சா அபராதம். அடுத்த கையெழுத்துல எல்லா நம்பரும் ஒரே தேதில முடியணும்னு எழுதி வாங்குங்க, நடுவுல சேர்க்குற நம்பருக்கும் அதே தேதி தான்னு போடச் சொல்லுங்க. போன் தவணை பிளானுக்குள்ளயே கலந்திருந்தா அதைத் தனி வரியா பிரிக்கச் சொல்லுங்க, தவணை முடிஞ்சும் அதே தொகை ஓடிக்கிட்டு இருக்குற நம்பர் உங்ககிட்டயும் இருக்கலாம்.