புயலில் கரண்ட் போனால் குடிதண்ணீருக்கு என்ன ஏற்பாடு?

செட்டிநாட்டுப் பக்கம் கானாடுகாத்தான் வீட்டில் அப்பச்சியும் ஆத்தாளும் (அப்பாவும் அம்மாவும்) மட்டும்தான், நான் சென்னையில். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, ஆர்ஓ மெஷின் சும்மா தொங்கியது, கேன் போடுகிறவரும் வரவில்லை. ஐப்பசி வரப்போகிறது. எத்தனை கேன் வாங்கி வைக்கலாம்? பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவில் பிடித்து வைத்தால் போதுமா?

பதில் 1:
குடிக்கச் சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வையுங்கள். இரண்டு பேருக்கு ஒரு வாரம் என்றால் 56 லிட்டர், 20 லிட்டர் கேன் மூன்று. ஆனால் புயல் நேரத்தில் வேலைக்கு வருகிற அம்மாவும் பக்கத்து வீட்டாரும் கேட்பார்கள், இல்லை என்றா சொல்வார்கள்? ஐந்தாக வையுங்கள். அப்புறம், வயசானவர்கள் 20 லிட்டர் கேனைத் தூக்கிக் கவிழ்க்க முடியாது, அடியில் குழாய் வைத்த சின்ன கேன்களாகப் பாருங்கள். முற்றத்து வெயிலில் வேண்டாம், வீட்டுக்குள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் இருட்டறை இருக்குமே, அங்கே.

பதில் 2:
அண்டாவைக் குடிதண்ணீருக்கு வைக்காதீர்கள் தம்பி. பழைய பித்தளையில் காரீயம் கலந்திருக்கலாம், நாள் கணக்கில் தண்ணீர் நிற்பது நல்லதில்லை. புழங்கும் தண்ணீருக்கு அதைவிட வசதி கிடையாது. மழை பெய்யும்போது முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு ஓட்டிலிருந்து விழுவதை அங்கேயே பிடிக்கலாம், முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள்.

பதில் 3:
கேனையே பேசிக்கொண்டிருக்கிறோம், கிணறு இருக்கிறதல்லவா? மோட்டார் மாட்டிய நாளிலேயே பாதி வீட்டில் கப்பியைக் கழற்றியாகிவிட்டது, அதுதான் வினை. கப்பி, கயிறு, வாளி இருந்தால் கரண்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். இறைத்த தண்ணீர் கலங்கலாக இருந்தால் வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விட்டு இறக்குங்கள். கேஸ் தீர்ந்துவிடுமோ என்றால் குளோரின் மாத்திரை வாங்கி வையுங்கள், எத்தனை லிட்டருக்கு ஒன்று, எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். வெள்ளமோ செப்டிக் டேங்க் தண்ணீரோ கிணற்றில் இறங்கிவிட்டால் மட்டும், கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து குளோரின் போடும்வரை குடிக்க எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
கிணறு இருக்கிறது, மேலே கம்பி வலை போட்டிருக்கிறோம். கப்பி இல்லை. காரைக்குடி பழைய சாமான் கடையில் கிடைக்குமா?

பதில் 3:
அங்கே போனால் வெளிநாட்டுக்காரருக்குச் சொல்கிற விலையைச் சொல்வார்கள். இரும்புக் கடையில் புதுசு வாங்குங்கள். கிணற்று ஆழத்தை அளந்துகொண்டு போய்க் கயிறு வாங்குங்கள், வலையில் வாளி இறங்குகிற அளவுக்கு ஒரு கதவும் வெட்டச் சொல்லுங்கள்.