'அரங்காக்கம்': பழைய ஆப்பெராவின் புதிய மேடை வடிவத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ஆப்பெரா (பாடல்களால் கதை சொல்லும் மேலை இசை நாடகம்) ஒன்றின் வரிகளையும் இசையையும் வைத்துக்கொண்டு, அதை இன்றைய மேடைக்கெனப் புதிதாக வடிவமைப்பதைக் குறிக்க, நம் கலைச்சொற்பட்டியலுக்கென இந்த இழையில் தழுவல், மேடையேற்றம், நெறியாள்கை (இயக்கம்) ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் வழக்கில் உள்ள நல்ல சொற்களே. ஆனால் நாம் தேடும் பொருளுக்கு அவற்றுள் எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. 'அரங்காக்கம்' என்பதை ஏற்கலாம் என்பது என் கருத்து. ஓர் ஆப்பெராவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் அதன்மேல் பொருத்திப் பார்ப்போம்.

ழான்-பிலிப் ராமோ இசையமைத்து 1735 ஆகஸ்டில் பாரிஸில் அரங்கேறிய 'லேஸ் ஏந்த் கலாந்த்' ஆப்பெராவும் பாலேயும் கலந்த படைப்பு. லூயி ஃபூஸெலியே எழுதிய அதன் வரிகளில் துருக்கியர், பெருவின் இன்காக்கள், பாரசீகர், வட அமெரிக்கப் பழங்குடியினர் ஆகியோரின் காதல் கதைகள் தனித்தனிப் பகுதிகளாக வருகின்றன. ஐரோப்பியர் தொலைதூர நாடுகளைப் பற்றிக் கொண்டிருந்த கற்பனையே அவற்றின் அடிப்படை. இன்று இதை மேடைக்குக் கொண்டுவருபவர் அந்தக் கற்பனையை என்ன செய்வது என்ற கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியாது.

2019-இல் பாரிஸ் ஆப்பெராவின் பஸ்தீய் அரங்கில் இயக்குநர் கிளெமான் கொஜிதோரும் நடன அமைப்பாளர் பிந்து தெம்பெலேயும் அக்கேள்விக்கு விடை தேடினர். பழங்குடியினர் பகுதியின் இறுதியில் சமாதானப் புகைக்குழல் சடங்குக்கான நடனம் ஒன்று உண்டு. அதன் மெட்டு ஆப்பெராவுக்கும் முந்தையது. 1725-இல் பாரிஸுக்கு அழைத்துவரப்பட்ட அமெரிக்கப் பழங்குடியினர் ஆடியதைக் கண்டு, ராமோ முதலில் அதை ஹார்ப்சிகார்டு என்னும் விசைப்பலகை இசைக்கருவிக்காக எழுதினார். 2019-இன் மேடையில் அந்த மெட்டுக்குக் கிரம்ப் நடனக் கலைஞர்கள் ஆடினர். மார்பை வெட்டி உயர்த்தி, காலால் தரையை அறைந்து, கைகளை விசிறி எறிந்து ஆடும் இந்நடனம், 2000-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் தென்பகுதியில் கறுப்பின இளைஞர்களிடம் பிறந்தது. பாடப்பட்டவை ஃபூஸெலியேயின் வரிகள். லியனார்தோ கார்சியா அலார்கோன் நடத்திய இசைக்குழு வாசித்தது ராமோவின் இசை. ஆனால் பிறர் பார்வைக்காக ஆட வைக்கப்பட்டவர்களின் மெட்டு, தம் உடலையே தம் மொழியாக்கிக்கொண்டவர்களின் கைக்கு வந்துவிட்டது. காட்சியின் பொருளே மாறிவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைத் தழுவல் என்று சொல்ல முடியாது. தழுவலில் மூலத்தின் கதையோ வரிகளோ களமோ மாற்றி எழுதப்படும். இங்கே எழுதுபவர் யாரும் புதிதாக நுழையவில்லை. மேடையேற்றம் என்றால் ஒரு படைப்பு மேடையில் நிகழ்கிறது என்பது மட்டுமே தெரியும். அது எத்தகைய வடிவில் நிகழ்கிறது என்பது தெரியாது. ஒரே வடிவமைப்பு பத்து இரவுகள் நிகழ்ந்தால் மேடையேற்றம் பத்து. நாம் பெயரிட விரும்புவதோ ஒன்று.

ஈழத்து அரங்கில் நன்கு வேரூன்றிய நெறியாள்கையை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆயினும் அது நெறியாளரின் பணியைக் குறிக்கும் சொல். மேற்சொன்ன காட்சியில் நடன அமைப்பாளரின் பங்கைப் பிரித்துவிட்டால் எஞ்சுவது மிகக் குறைவு. நடனம், காட்சியமைப்பு, ஒளி, உடை, நெறியாள்கை எல்லாம் சேர்ந்து பிறக்கும் முழுமைக்கே பெயர் வேண்டும். நெறியாள்கை அதன் ஒரு கூறாக அப்படியே நிலைக்கட்டும்.

'அரங்காக்கம்' என்றால் நாவலை நாடகமாக்குவதாகவும் கொள்ள இடமுண்டே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான ஐயம்தான். அதற்கு நாடகமாக்கம் என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால், இரண்டையும் பிரித்தே ஆளலாம். தமிழாக்கம், நூலாக்கம் என்று பழகிய காதுக்கு அரங்காக்கம் அந்நியமாகவும் ஒலிக்காது.

பழைய முறையையே மீட்க முனையும் முயற்சிகளையும் இச்சொல் தாங்கும். இசையமைப்பாளர் லுல்லி 1673-இல் படைத்த 'காத்மூஸ் ஏ எர்மியோன்' என்ற ஆப்பெரா 2008-இல் பாரிஸின் ஓபெரா-கொமீக் அரங்கில் மெழுகுவர்த்தி ஒளியிலும், பதினேழாம் நூற்றாண்டு உச்சரிப்பிலும், அக்காலக் கையசைவுகளோடும் நிகழ்ந்தது. அதை மீட்டுருவாக்க அரங்காக்கம் என்றும், பஸ்தீயில் கண்டதை நவீன அரங்காக்கம் என்றும் சொல்லலாம். நவீன என்ற அடைமொழியைச் சொல்லுக்குள்ளேயே புகுத்திப் புத்தரங்காக்கம் என்று ஆக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றியவர்களும் இன்றைய கலைஞர்களே. அவர்கள் செய்ததும் ஒரு தேர்வே.

அரங்கேற்றம் என்பதை முதல் நிகழ்வுக்கே ஒதுக்கிவைக்க வேண்டுகிறேன். ராமோவின் 'லே பொரெயாத்' ஆப்பெரா 1763-இல் ஒத்திகை பார்க்கப்பட்டும் அவர் வாழ்நாளில் மேடை காணவில்லை. 1982-இல் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் விழாவில்தான் முழுமையாக மேடைக்கு வந்தது. அங்கே அரங்கேற்றமும் அரங்காக்கமும் ஒருசேர நிகழ்ந்தன. சொற்கள் இரண்டாக இருந்தால்தான் இதைச் சொல்லவே முடியும்.

சொற்பட்டியலுக்கு நான் முன்மொழியும் விளக்கம்: அரங்காக்கம் (பெயர்ச்சொல்) – ஓர் ஆப்பெராவின் அல்லது நாடகத்தின் எழுத்தையும் இசையையும் ஆதாரமாகக் கொண்டு, நெறியாள்கை, நடனம், காட்சியமைப்பு, ஒளி, உடை ஆகியவற்றால் உருவாக்கப்படும் குறிப்பிட்ட மேடை வடிவம். வினை: அரங்காக்கு. மாற்றுக் கருத்துள்ளோர் இந்த விளக்கத்தின் எந்தப் பகுதியில் தடை காண்கிறீர்கள் என்று சுட்டி எழுதினால், அதைத் திருத்தியபின் பட்டியலில் சேர்க்கலாம்.