ஒரே பொத்தானின் ஒற்றை, இரட்டை, நீண்ட அழுத்தங்களைப் பைதான் நிரல்மொழியில் பிரித்தறிவது எவ்வாறு?

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
வணக்கம். எங்கள் மரக்கறித் தோட்டத்து நீர்ப்பம்பியை ராஸ்பெரி பை என்ற சிறு கணினி மூலம் இயக்க முயல்கிறேன். கிணற்றடியில் ஒரேயொரு பொத்தான்தான் உள்ளது. ஒரு முறை அழுத்தினால் பம்பி ஓடவோ நிற்கவோ வேண்டும். இரு முறை அழுத்தினால் மின்குமிழ் எரிய வேண்டும். அழுத்திப் பிடித்தால் ராஸ்பெரி பை முறைப்படி அணைய வேண்டும். ராஸ்பெரி பையின் முனைகளைக் கையாளும் பைதான் நூலகமான ஜிபிஐஓ ஜீரோவின் ‘வென் பிரெஸ்ட்’ (அழுத்தும்போது) நிகழ்வில் எண்ணிக்கையைக் கூட்டி, அங்கேயே ‘ஸ்லீப்’ எனும் காத்திருப்புக் கட்டளையைக் கொடுத்துக் காத்திருக்கிறேன். ஆயினும் மின்குமிழுக்காக இரு முறை அழுத்தும்போது பம்பியின் ரிலேயும் (மின்சுற்றைத் திறந்து மூடும் ஆளி) சேர்ந்து இயங்குகிறது. மோட்டரை இன்னும் இணைக்கவில்லை. ரிலேயின் சத்தத்தை வைத்தே சொல்கிறேன்.

பதில் (மட்டக்களப்பு நகர்):
முதல் அழுத்தம் வந்த கணத்தில் அது ஒற்றையா இரட்டையா என்பதை எந்த நிரலாலும் அறிய முடியாது. ஆகவே முடிவைத் தள்ளிப்போடத்தான் வேண்டும். அதற்கு ‘ஸ்லீப்’ உதவாது, ஏனெனில் அந்தச் செயற்கூறு முடியும்வரை அடுத்த நிகழ்வு அதன் பின்னால் காத்து நிற்கும். பொத்தான் விடுபடும்போது எண்ணிக்கையை ஒன்றால் கூட்டி, பைதானின் ‘திரெடிங்’ நூலகத்தின் ‘டைமர்’ (நேரங்கணிப்பி) ஒன்றை 0.35 செக்கனுக்கு ஓடவிடுங்கள். அடுத்த அழுத்தம் தொடங்கியவுடனேயே அதை இரத்துச் செய்யுங்கள்; விடுபடும்வரை பொறுத்தால், இரண்டாம் அழுத்தத்தின் நடுவிலேயே டைமர் முடிந்து, ஒற்றை அழுத்தமாகப் பதிவாகிவிடக்கூடும். டைமர் முழுதாக ஓடி முடிந்தால் மட்டும் எண்ணிக்கைக்கேற்பச் செயற்பட்டு, அதைப் பூச்சியமாக்குங்கள்.

நீண்ட அழுத்தத்துக்கு ‘வென் ஹெல்ட்’ (அழுத்திப் பிடிக்கும்போது) நிகழ்வு இருக்கிறது. அதற்கான ‘ஹோல்ட் டைம்’ (பிடித்திருக்க வேண்டிய நேரம்) இயல்பாக 1 செக்கன். கணினியை அணைக்கும் கட்டளைக்கு அது மிகக் குறைவு, 3 ஆக்குங்கள். அந்நிகழ்வில் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கி, ‘இந்த அழுத்தம் கையாளப்பட்டுவிட்டது’ என்பதைக் குறிக்கும் ஓர் அடையாள மாறியை ‘ட்ரூ’ (ஆம்) ஆக்குங்கள். விடுபடும் நிகழ்வு அதைக் கண்டால் எதையும் எண்ணாமல் மீண்டும் ‘ஃபோல்ஸ்’ (இல்லை) ஆக்கிவிட்டுத் திரும்பட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பம்பி ஓடும்போது வரும் எந்த அழுத்தத்தையும் டைமருக்குக் காத்திராமல் நிறுத்தமாகவே கொள்ளுங்கள். அவ்வேளையில் மின்குமிழைப் போட முடியாமற்போகும். ஆனால் நிறுத்தும் கட்டளை தாமதிப்பதைவிட அது பரவாயில்லை. அங்கேயும் அதே அடையாள மாறியைப் பயன்படுத்தாவிட்டால், விரலை எடுத்ததும் பம்பி மறுபடி ஓடத் தொடங்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, மேசையில் வைத்துப் பார்க்கும்போது மூன்றும் சரியாகப் பிரிகின்றன. கிணற்றடி வயரை இணைத்தால் மட்டும் ஒற்றை அழுத்தம் சிலவேளை இரட்டையாகிறது. அப்பா மெதுவாக அழுத்துவதால் அவருடைய இரட்டை அழுத்தமோ இரண்டு ஒற்றைகளாகிறது.

பதில் (அக்கரைப்பற்று):
முதலில் பொத்தானுக்கான ‘பவுன்ஸ் டைம்’ (தொடுகை அதிர்வைப் புறக்கணிக்கும் நேரம், செக்கனில்) மதிப்பை 0.05 எனக் கொடுங்கள். இயல்பில் அது ‘நன்’ (மதிப்பு எதுவுமில்லை) என்றே இருப்பதால், பொத்தானின் தொடுகை அதிர்வுகள் வடிகட்டப்படுவதில்லை. அதன் பிறகும் தொடர்ந்தால் வயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ராஸ்பெரி பையின் உள்ளே, பொத்தான் அழுத்தப்படாதபோது முனையை உயர் மின்னழுத்தத்தில் வைத்திருக்கும் புல்-அப் தடை ஏறத்தாழ 50 கிலோஓம் என்பதால், நீண்ட வயரில் ஏறும் இரைச்சலைத் தாங்காது. பொத்தானின் வயரை மோட்டரின் மின்வயரிலிருந்து விலக்கி இழுத்து, ராஸ்பெரி பைக்கு அருகே 4.7 கிலோஓம் தடையி ஒன்றை அவ்வயரிலிருந்து 3.3 வோல்ட் முனைக்குக் கொடுங்கள்; தவறியும் 5 வோல்ட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அப்பாவின் வேகத்துக்கு ஊகமாக ஓர் எண்ணை இடுவதைவிட, பைதானின் ‘டைம் மோனோடோனிக்’ (கழிந்த நேரத்தை அளக்கும் செயற்கூறு) கொண்டு, ஒரு முறை விடுவதற்கும் மறு முறை அழுத்துவதற்கும் இடையிலான நேரத்தை அச்சிடச் செய்து, அவரையே சில தடவை அழுத்தச் சொல்லி, வரும் மிகப் பெரிய இடைவெளியைவிடச் சற்றுக் கூட்டி டைமருக்கு வையுங்கள்.